வான்கோழித் தீவனம்: புரதத்தை விட்டு லைசினைப் பாருங்கள்

தீவன மூட்டையில் புரதம் 28% என்று போட்டிருந்தால் பலர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். ஆனால் சதை வைப்பது அந்த மொத்தக் கணக்கால் இல்லை, அதற்குள் இருக்கும் அமினோ அமிலங்களால், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகளால். மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் வைத்துக் கலக்கும்போது பெரும்பாலும் முதலில் பற்றாமல் போவது மெத்தியோனின், அடுத்து லைசின், அப்புறம் திரியோனின். ஒன்று குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தும் வளர்ச்சி அந்த அளவோடு நின்றுவிடும், மிச்சப் புரதம் யூரிக் அமிலமாக எச்சத்தில் போகும், தரையில் விரித்த கூளம் ஈரமாகி அம்மோனியா வாடை கிளம்பும், பாதத்தில் புண் வரும்.

முதல் 4 வாரம்தான் கெடுபிடியான காலம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 1994 அட்டவணை லைசின் 1.6%, மெத்தியோனினும் சிஸ்டினும் (இதுவும் ஓர் அமினோ அமிலம்) சேர்ந்து 1.05% கேட்கிறது. 100 கிலோ தீவனத்துக்குக் கணக்குப் போடுவோம்: மக்காச்சோளம் 45 கிலோ, 48% புரதமுள்ள சோயா புண்ணாக்கு 50 கிலோ, மீதி தாது உப்பு, வைட்டமின் வகையறா. இதில் லைசின் சுமார் 1,570 கிராம் கிடைக்கும், தேவை 1,600. 30 கிராம்தான் இடிக்கிறது, தீவனத்தில் சேர்க்கும் லைசின் தூளான லைசின் ஹைட்ரோகுளோரைடில் சுமார் 78% மட்டுமே லைசின் என்பதால் 40 கிராம் போடலாம். மெத்தியோனின், சிஸ்டின் பக்கம் பள்ளம் பெரிது: இருப்பது 840 கிராம், வேண்டியது 1,050. ஆக டிஎல்-மெத்தியோனின் (தீவனத்தில் சேர்க்கும் மெத்தியோனின் தூள்) 210 கிராம் சேர்க்க வேண்டும் (உடம்பு மெத்தியோனினிலிருந்து சிஸ்டினைச் செய்துகொள்ளும், திருப்பிச் செய்யாது). இதெல்லாம் தோராயம், கையில் இருக்கும் சரக்கின் ஆய்வறிக்கை இருந்தால் அந்த எண்களை வைத்துப் போடுங்கள்.

இந்தச் சின்ன அளவுகளை நேராகக் குவியலில் கொட்டாதீர்கள். ஒன்றிரண்டு கிலோ அரைத்த சோளத்தில் முதலில் கலந்து, பிறகு மொத்தத்தோடு சேர்க்கவும்.

வயது ஏற ஏறத் தேவை இறங்கும். லைசின் 4–8 வாரத்தில் 1.5%, சேவலுக்கு 8–12இல் 1.3%, 12–16இல் 1.0%, 16–20இல் 0.8%. பெட்டைக்கு 8 வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு கட்டமும் 3 வாரம்தான், அதனால் முடிந்தால் இரண்டையும் பிரித்து வளர்ப்பதே என் கட்சி.

சோயா புண்ணாக்கு வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். கருகின பழுப்பாக இருந்தால் சூடு அதிகம் பட்டது. அறிக்கையில் லைசின் இருக்கும், பறவைக்குச் செரிக்காது.