"ஓபன் கார்" என்று மட்டும் சொல்லி வண்டி பிடிக்காதீர்கள்: டாப் திறக்கும் கார்களைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

போன தை மாதம் காவேரிப்பட்டணத்தில் சித்தி மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. பெங்களூரில் வாடகைக்கு வண்டி விடும் ஒருவரிடம் போனில் பேசினேன். "ஓபன் கார் வேணும், சிவப்பா இருந்தா நல்லது." நான் சொன்னது அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் சிவப்பு வண்டி வந்து நின்றது. பளபளவென்று இருந்தது. ஆனால் இருக்கை இரண்டே இரண்டு. சித்தி ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, டிரைவருக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு. தோழன் டிக்கியிலயா வருவான்?"

தோழன் பேண்டு செட்டோடு நடந்தே வந்தான். அவன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. டிக்கிக்கும் ஒரு கதை உண்டு, மூன்றாம் படியில் வருகிறது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்து, நாலு வண்டியை நேரில் பார்த்து, இந்த வகைகளைப் புரிந்துகொண்டேன். வண்டி எதிரே நின்றால் கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே: சன்ரூஃப் வைத்த கார் ஓபன் கார் இல்லை. அது கூரையில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஓசூரில் ஒருவர் அதையே ஓபன் கார் என்று எனக்கு வாடகைக்குத் தரப் பார்த்தார்.

படி 1: இருக்கையை எண்ணுங்கள்

இரண்டு இருக்கை என்றால் ரோட்ஸ்டர். இத்தாலிக்காரர்கள் ஸ்பைடர் என்பார்கள். பழைய ரோட்ஸ்டர்களில் பக்கக் கண்ணாடிகூடக் கிடையாது. மழை வந்தால் திரை மாதிரி ஒன்றைக் கதவில் மாட்டிக்கொள்ள வேண்டும். இன்றைய வண்டிகளில் எல்லாமே உண்டு, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 இந்த வகையில் பேர்போனது, பத்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. நம் நாட்டிலும் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஃபைபர் பாடி போட்ட இரண்டு இருக்கை வண்டி ஒன்று தயாரானது.

நான்கு இருக்கை என்றால் கன்வெர்டிபிள். ஐரோப்பியர்கள் கேப்ரியோலே என்பார்கள், பழைய இங்கிலாந்து வண்டிகளில் டிராப்ஹெட் கூபே என்றிருக்கும். மூன்றும் ஒரே சரக்குதான். கேப்ரியோலே என்பது முதலில் மடக்குக் கூண்டு வைத்த குதிரை வண்டியின் பெயர்.

நான்கு இருக்கை என்று கேட்டதும் நிம்மதி அடைய வேண்டாம். மடித்த டாப் பின்னால் இடம் கேட்கும். அதனால் பின் இருக்கை ஒடுங்கிப்போய், முதுகு நேராக நிமிர்ந்து நிற்கும். பட்டு வேட்டியும் மாலையுமாக ஒருவர் அங்கே நுழைவதே பெரும்பாடு. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், முன் இருக்கையின் முதுகிலிருந்து பின் இருக்கை வரை அளந்து பாருங்கள். புரோக்கர் வாய்வார்த்தையை விட டேப் மேல்.

படி 2: டாப் போன பிறகு எது மிச்சம் நிற்கிறது?

முன் கண்ணாடியைத் தவிர தலைக்கு மேல் எதுவுமே இல்லை என்றால் அது ரோட்ஸ்டர் அல்லது கன்வெர்டிபிள். இருக்கைக்குப் பின்னால் அகலமான ஒரு வளைவு நின்று, முன் பாதிக் கூரை மட்டும் கழன்று வந்தால் அது டார்கா. 1965இல் போர்ஷே நிறுவனம் 911 வண்டியில் இதைக் கொண்டுவந்தது. சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்திலிருந்து எடுத்த பெயர். கவிழ்ந்தால் தலை தப்ப வேண்டும் என்பதற்காக அந்த வளைவு. முழுக்கத் திறந்த கார்களை அமெரிக்கா தடை செய்துவிடும் என்ற பேச்சு அப்போது இருந்தது. தடை கடைசிவரை வரவில்லை, டார்கா மட்டும் நிலைத்துவிட்டது.

நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு பட்டை நின்று, இரண்டு பக்கமும் பலகை கழன்றால் டி-டாப். அமெரிக்காவின் 1968 கார்வெட் காரில் பார்க்கலாம். கதவு, ஜன்னல் சட்டமெல்லாம் அப்படியே இருக்க, மேலே துணி மட்டும் பாய் மாதிரி பின்னால் சுருண்டால் ஃபியட் 500சி வகை. படம் எடுத்தால் ஓபன் கார் மாதிரியே தெரியாது, ஊர்வலத்துக்கு வீண்.

லேண்டாலெட் என்று இன்னொன்று உண்டு. டிரைவர் தலைக்கு மேல் கூரை அப்படியே இருக்கும், பின் இருக்கை மட்டும் திறக்கும். போப்பாண்டவருக்கு மெர்சிடிஸ் செய்து கொடுத்த வண்டிகளில் சில இந்த வகை. யோசித்துப் பார்த்தால் மாப்பிள்ளை அழைப்புக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. ஆனால் நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

படி 3: டாப்பைத் தட்டிப் பாருங்கள்

தொப் என்றால் துணி. டங் என்றால் தகடு.

துணி டாப் எடை குறைவு, மடித்தால் சின்ன இடத்தில் அடங்கும். மினி கன்வெர்டிபிளில் 18 விநாடியில் திறக்கிறது, 30 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். தகட்டு டாப் இரண்டு மூன்று துண்டாக மடிந்து டிக்கிக்குள் போகும். இது ஏதோ புதுசு என்று நினைத்திருந்தேன். 1930களிலேயே பிரான்சில் பெஜோ வண்டிகளில் வந்துவிட்டது, அதை வரைந்தவர் ஜார்ஜ் போலன் என்ற பல் மருத்துவர்! 1957இல் ஃபோர்டு ஸ்கைலைனர், அப்புறம் நீண்ட இடைவெளி விட்டு 1996இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே.

இப்போது டிக்கி கதை. எங்களுக்கு வந்தது தகட்டு டாப் வண்டி. டாப் மூடியபடியே வந்திருந்தது. மாலைப் பெட்டி, தேங்காய்க் கூடை, இரண்டு பழத்தட்டு எல்லாவற்றையும் நானே டிக்கியில் வைத்தேன். டிரைவர் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். டேஷ்போர்டில் ஏதோ எழுத்து வந்து போனது. அவரும் அந்த வண்டிக்குப் புதிது. நாகஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார், மாப்பிள்ளை மூடிய காருக்குள் வேர்த்துக்கொண்டிருக்கிறார். இன்ஜினை அணைத்துப் போட்டோம். பேட்டரி என்றார் ஒருவர், ஃப்யூஸ் என்றார் இன்னொருவர். கால் மணி நேரம் போயிற்று.

விஷயம் இதுதான். இந்த வண்டிகளின் டிக்கிக்குள் ஒரு திரை அல்லது தடுப்புத் தட்டு இருக்கும். அதை இழுத்துக் கொக்கியில் மாட்டினால்தான் "டாப் வந்து உட்கார இடம் இருக்கிறது" என்று வண்டிக்குத் தெரியும். மாட்டாவிட்டால் மோட்டார் அசையவே அசையாது. கூடையை வைக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று அந்தத் திரையைச் சுருட்டிவிட்டவன் நான்தான். திரையை மாட்டியதும் டாப் திறந்தது. ஆனால் திரைக்குக் கீழே மிஞ்சும் இடம் இரண்டு தாம்பாளத்துக்குத்தான் காணும். தேங்காய்க் கூடை தோழன் தலைக்குப் போனது.

எனவே டாப் திறக்கவில்லை என்றால் முதலில் டிக்கித் திரை, அப்புறம் டிக்கி சரியாகச் சாத்தியிருக்கிறதா, அதற்கும் பிறகுதான் ஃப்யூஸ். வாடகைக்கு எடுக்கும்போது போட்டோ வாங்காதீர்கள். டாப் முழுசாகத் திறந்து மூடும் வீடியோவை, அன்று எடுத்ததாக, வாட்ஸ்அப்பில் கேளுங்கள். என்னைக் கேட்டால் தகட்டு டாப்பே வேண்டாம். எடை கூடுதல், சிக்கல் கூடுதல், டிக்கி இல்லை.

படி 4: மாம்பழப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள்

ஜீப்பும் ஓபன் கார்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் கட்டுமானம் வேறு. வீட்டில் மாம்பழம் வந்த அட்டைப் பெட்டி இருக்கும். மூடியோடு இரண்டு கையாலும் முறுக்குங்கள், அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், கோணலாகும். சாதாரணக் கார் இந்தப் பெட்டி மாதிரிதான், கூரையும் பலத்தில் ஒரு பங்கு. அதனால்தான் கன்வெர்டிபிள் செய்யும்போது அடிப்பக்கத்தையும் முன் கண்ணாடிச் சட்டத்தையும் கூடுதலாகப் பலப்படுத்துகிறார்கள். மாருதி ஜிப்ஸி, மஹிந்திரா தார் எல்லாம் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அதன் மேல் பாடி உட்கார்ந்த வண்டிகள். பலம் கீழே இருக்கிறது, டாப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த தாரில், கையால் மடக்கும் துணி டாப் வைத்த மாடலும் இருந்தது. வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு விடியற்காலை அதில் போய்ப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டுப் பாலக்கோட்டிலிருந்து ஒருவர், பழைய காரின் கூரையை வெல்டிங் பட்டறையில் அறுத்து எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம். மாம்பழப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு சரியாகச் சாத்தாது, குழியில் இறங்கினால் வண்டியே நெளியும். ஆர்.சி. புக்கில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவும் அனுமதிப்பதில்லை.

பிற்சேர்க்கை 2: ஊர்வலத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பின் இருக்கையின் முதுகுக்கு மேல் உட்கார வைப்பது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புதிய கன்வெர்டிபிளில் அந்த இடம் மடித்த டாப்பை மூடும் பலகை. ஆள் உட்காரச் செய்ததில்லை. நெளிந்தால் டாப் மறுபடி மேலே வராது, வாடகைக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டார். உயரத்தில் உட்கார வேண்டும் என்றால் ஜீப்தான் சரி.

வைகாசியில் அத்தை மகளுக்குக் கல்யாணம், மண்டபம் தர்மபுரியில். வண்டி ஏற்பாடு மறுபடியும் என் தலையில். இந்த முறை பழைய ஜீப் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். முன்னால் இரண்டு, பின்னால் எதிரெதிராக நான்கு. நேரில் போய் உட்கார்ந்தே எண்ணிவிட்டு வந்தேன்.