தசை விறைப்புக்கு விலை குறைந்த குளிசை: பிழை நடக்கும் இடங்கள்

பொத்திய கை உடனே விரியாது. கதிரையால் எழும்பினால் முதல் நாலைந்து அடிக்குக் கால் விறைத்து நிற்கும், நடக்க நடக்க இளகும். பரம்பரையாக வரும் மயோட்டோனியா கொன்ஜெனிட்டா இப்படித்தான் தன்னைக் காட்டும். இதற்கு அதிகம் பேசப்படும் மருந்து மெக்ஸிலெட்டின். அது எட்டாத விலை என்றவுடன் மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். முதல் பிழை அதுதான். லண்டனில் 60 பேருக்கு மெக்ஸிலெட்டினையும் லமோட்ரிஜினையும் மாறிமாறிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. இரண்டிலும் விறைப்புக் குறைந்தது. லமோட்ரிஜின் வலிப்புக்குக் கொடுக்கப்படும், பல கம்பனிகள் செய்கிற பழைய மருந்து, விலை குறைவு.

"வலிப்புக் குளிசையை ஏன் தந்தார்கள்?" என்று பயந்து வீட்டில் நிறுத்திவிடுவதும் உண்டு. இந்த நோயில் தசைக்குள் குளோரைட் என்ற உப்புத்துகள் போய்வரும் வழி பழுது. சுருங்கு என்ற சமிக்ஞை ஓயாமல் திரும்பத் திரும்ப எழும். வலிப்புக்கான இம்மருந்து சோடியம் புகும் வழியை அடக்குவதால் அந்தச் சமிக்ஞை தணிகிறது.

மிக ஆபத்தானது அவசரம். லமோட்ரிஜின் வழமையாக நாளுக்கு 25 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு கிழமைக்குப் பின் 50, அதன்பின் வைத்தியர் சொல்கிறபடி மெல்ல ஏறும். சோடியம் வல்புரோவேற் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் எடுப்பவருக்கு இதிலும் பாதி. கெதியாகக் கூட்டினால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். முதல் எட்டுக் கிழமைக்குள் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு எது வந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐந்து நாளுக்கு மேல் விடுபட்டால் பழைய அளவிலேயே தொடரக்கூடாது. பெரும்பாலும் 25இலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். கருத்தடைக் குளிசை எடுப்பவர் அதையும் சொல்ல வேண்டும். அப்படிப் பல குளிசைகளில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் லமோட்ரிஜினின் அளவை இரத்தத்தில் பாதியளவுக்கு இறக்கிவிடும்.

எந்த வகை விறைப்பு என்று தெரியாமல் மருந்து மாற்றுவதும் பிழை. தசை மெலியும் இன்னொரு பரம்பரை வகையான மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி இதயத்தின் மின்னோட்டத்தையும் தாக்கும். இசிஜி பாராமல் மெக்ஸிலெட்டினோ, கார்பமசெப்பின் என்ற வலிப்பு மருந்தோ தொடங்கக்கூடாது. வேறொரு வகையில் பொட்டாசியம் விறைப்பைக் கூட்டும். அவர்களுக்கு வெயிலில் குடிக்கிற செவ்விளநீரும் இரண்டு வாழைப்பழமும்கூடக் காரணமாகலாம். அந்த வகையினர் சிலருக்கு அசெற்றசோலமைட் என்ற குளிசை உதவும். ஆனால் சிறுநீரகக் கல் வரலாம், எங்கள் வெக்கையில் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கவே கூடாது.

வாங்கும்போது துண்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதிக் கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலை கிளினிக்கில் இருந்தால் இலவசம். இல்லாவிட்டால் அரச மருந்துக் கடையான ஒசுசலவில் விலை விசாரித்துவிட்டுத் தனியார் பாமசிக்குப் போங்கள். கனடாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் பெட்டியில் 25க்குப் பதிலாக 100 மில்லிகிராம் இருக்கலாம். நிறத்தைப் பார்த்துப் போடாமல், அட்டையில் உள்ள எண்ணைக் கிளினிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.