"நாடு திவாலாகுது, டெபாசிட்டை எடுங்க" என்று செய்தி வந்தால்

திருப்பூர் பனியன் கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலோ, ஈரோட்டு மஞ்சள் மண்டிக் குழுவிலோ, நாட்டின் கடனைக் காரணம் காட்டி இப்படி வந்தால், அது எந்தக் கடனைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். வெளிநாட்டுக் கடன் என்பது அரசு வாங்கியது மட்டுமல்ல. தனியார் கம்பெனிகளின் கடனும், வெளிநாடுவாழ் இந்தியர்களின் டெபாசிட்டும் அதில் சேரும். மொத்தத்தையும் 'அரசின் கடன்' என்று எழுதியிருந்தால் செய்தி தப்பு. மத்திய அரசின் கடனில் பெரும்பங்கு உள்நாட்டில் ரூபாயில் வாங்கியது.

அடுத்து, அந்தக் கடன் ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், எத்தனை சதவீதம்? லட்சம் கோடிக் கணக்கு ஆண்டுதோறும் ஏறத்தான் செய்யும். சதவீதமும், வருவாயில் வட்டிக்குப் போகும் பங்கும் சேர்ந்து ஏறினால் கவலை நியாயமானதுதான். பட்ஜெட் ஆவணங்களில் இரண்டையும் பார்க்கலாம். வெளிநாட்டுக் கடனைக் கட்ட உதவும் அந்நியச் செலாவணிக் கையிருப்பை ரிசர்வ் வங்கி வாரந்தோறும் வெளியிடுகிறது.

டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி 4 முதல், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிளை மாற்றிப் போட்டாலும் ஒரே கணக்குதான். வேறு வங்கியென்றால் தனி. கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை.

பயந்து எடுத்த பணத்தை அதிக வட்டி சொல்கிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்களில் போன சேமிப்பு நம் பகுதிக்கே தெரியும்.

செய்தி பொய்யென்று உறுதியானால், அனுப்பிய மாமனுக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்லுங்கள். குழுவில் வைத்துச் சொன்னால் வீம்பாகிவிடும்.