வயிற்றுக்குக் கீழே எத்தனை டிகிரி?

முறுக்கு எங்கள் வீட்டுக்கு 2012 அக்டோபரில் வந்தாள். பால் பைத்தான் (ball python) இனம், பந்து போலச் சுருளும் ஒரு சின்ன மலைப்பாம்பு. சுருண்டு படுத்தால் கைமுறுக்கு மாதிரியே இருப்பாள் என்பதால் என் மகள் வைத்த பெயர் அது. நாங்கள் இருப்பது டொரன்டோவில், ஸ்கார்பரோ பக்கம், ஒன்பதாவது மாடியில். ஜனவரியில் வெளியே மைனஸ் 20 வரை போகும், வீட்டுக்குள் 21 இருக்கும். ஸ்வெட்டர் போட்ட மனிதருக்கு அது போதும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பாம்பால் அதில் சாப்பிட்ட எலியைச் செரிக்க முடியாது.

பாம்பு நம்மைப் போல உள்ளிருந்து சூட்டை உண்டாக்கி உடம்பைக் காப்பதில்லை. இரை செரிப்பது, கிருமியை எதிர்ப்பது, தோலுரிப்பது எல்லாமே அது படுத்திருக்கும் இடத்தின் சூட்டை நம்பித்தான் நடக்கின்றன. ஆகவே கூண்டின் வெப்பநிலை என்பது அதற்குச் சாப்பாட்டுக்குச் சமம். இத்தனை வருடத்தில் நான் கற்றதில் முக்கியமானது ஒன்று: சூட்டைப் பாம்பின் வயிறு படும் இடத்தில் அளக்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை நான் கற்ற விதம் இன்னும் வலிக்கிறது. வாங்கிய கடையில் ஒரு ஹீட் மேட்டும் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), கண்ணாடியில் ஒட்டும் வட்டமான முள் மீட்டரும் கொடுத்தார்கள். சூட்டை அளந்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் தேவையில்லை, மேட் தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மேட்டைத் தொட்டிக்கு அடியில் ஒட்டினேன். மீட்டர் 27 காட்டியது. இன்னும் கொஞ்சம் ஏறினால் நல்லது என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன். ஜனவரியில் ஒரு நாள் மகள் அவளைக் கையில் எடுத்தபோது, "அம்மா, வயிறு ஏன் சிவப்பா இருக்கு?" என்றாள். ஆறேழு வயிற்றுச் செதில்கள் இளஞ்சிவப்பாகி, ஓரத்தில் பழுப்பேறியிருந்தன. தீக்காயம். மருத்துவர் களிம்பு தந்தார். காயம் ஆறி, இரண்டு முறை தோலுரித்த பிறகுதான் செதில்கள் பழைய நிறத்துக்கு வந்தன. அன்றிரவு தொட்டியில் பரப்பியிருந்த மரச்சீவலை ஒதுக்கிவிட்டு அடிக்கண்ணாடியை அளந்தேன். 43 டிகிரி.

தோசைக்கல் காய்ந்திருக்கும்போது அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டினால் இதமாகத்தான் இருக்கும். கல்லைத் தொட்டால்தான் தெரியும். சுவரில் ஒட்டிய மீட்டர் காற்றை அளந்துகொண்டிருந்தது. முறுக்கோ சீவலைத் துளைத்துக்கொண்டு போய்க் கல்லின்மேல் படுத்திருந்தாள். அந்தச் சீவலும் சூட்டை அடியிலேயே தடுத்து வைத்திருந்தது. சூடு அதிகமானால் பாம்பு தானே விலகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். விலகாமல் படுத்தே வெந்துபோன பாம்புகள் மருத்துவர்களிடம் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

சரி, எத்தனை டிகிரி வேண்டும்? ஒரே எண்ணைக் கேட்காதீர்கள். கூண்டில் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பாம்பு நடுவில் நடமாடித் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். பால் பைத்தானுக்குச் சூடான முனையின் தரை 31 முதல் 33 வரை, குளிர்ந்த முனை 24 முதல் 27 வரை. இரவில் சிறிது இறங்கலாம், 22க்குக் கீழே போக விடாதீர்கள். கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. அதற்குச் சூடான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 போதும். வேறு இனம் வைத்திருப்பவர்கள் அந்த இனத்துக்கான எண்ணைத் தேடிப் பாருங்கள். இன்னொரு பாம்பின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று ஊரில் சொல்வோமே, கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் பால் பைத்தானும் அப்படித்தான் வாழ்கிறது. கரையான் புற்றும் எலி வளையும்தான் அதன் வீடு. மேலே வெயில் கொளுத்தினாலும் புற்றுக்குள் சூடும் ஈரமும் அதிகம் மாறாது. நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டித் தருவது அந்தப் புற்றைத்தான். அதனால் ஒளிவிடம் இரண்டு வையுங்கள். சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. இரண்டும் ஒரே அளவில், உடம்பு நான்கு பக்கமும் உரசுமளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். ஒன்றுதான் வைத்தீர்களென்றால், பாம்பு சூட்டைப் பார்க்காது, மறைவைத்தான் பார்க்கும். குளிரிலேயே பதுங்கிக் கிடக்கும், இல்லை சூட்டிலேயே வேகும்.

இப்போது சாமான்கள். முள் மீட்டரைத் தூக்கிப் போடுங்கள். கம்பியின் முனையில் உணரி இருக்கும் டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்குங்கள், பக்கத்துக்கு ஒன்று. அன்றைய மிகக் குறைந்த, மிக அதிக எண்ணை நினைவில் வைக்கும் வகையாக இருந்தால் நல்லது. நீங்கள் தூங்கும்போது கூண்டில் என்ன நடந்தது என்று காலையில் அது சொல்லும். உணரி தண்ணீர் புகாத வகையென்றால், ஒரு டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, முனையை அதில் ஐந்து நிமிடம் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். என்னுடைய இரண்டில் ஒன்று 1.5 காட்டியது. அதன்மேலேயே மார்க்கரால் எழுதி வைத்து, அந்த அளவைக் கழித்துப் படிக்கிறேன். அப்புறம், துப்பாக்கி மாதிரி பிடித்து அழுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று. பட்ட பரப்பின் சூட்டை அது நொடியில் சொல்லிவிடும். ஆனால் கண்ணாடியை ஊடுருவி அளக்காது, கதவைத் திறந்து அளக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்தச் சூடேற்றியையும் மின்சாரத்தில் இணைக்காதீர்கள். காசு குறைவாக இருந்தால் அலங்காரச் செடியை விடுங்கள், பெரிய கூண்டைத் தள்ளிப் போடுங்கள், தெர்மோஸ்டாட்டை மட்டும் விடாதீர்கள். ஹீட் மேட்டுக்குச் சாதாரண அணை-ஏற்று வகை போதும். வெளிச்சம் தராத செராமிக் சூடேற்றிக்கு, மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் வகை பொருந்தும். ஹாலோஜன் விளக்குக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகைதான் வேண்டும்; அணை-ஏற்று வகையில் மாட்டினால் விளக்கு நாளெல்லாம் கண்சிமிட்டிப் பாம்பை வதைக்கும், பல்பும் சீக்கிரம் போய்விடும்.

தெர்மோஸ்டாட்டின் உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மேட் தொட்டிக்கு வெளியே அடியில் இருந்தால், மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உணரியைச் செருகுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு அதை உருட்டி நகர்த்தும், மேலே தண்ணீரைக் கவிழ்க்கும், சிறுநீர் கழிக்கும். நகர்ந்த உணரி குளிர்ந்த மூலையை அளந்து, 'இன்னும் சூடு போதவில்லை' என்று மேட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். அடுத்து, உள்ளே தரையில் சீவலை ஒதுக்கி, கண்ணாடியின் மேலேயே வெப்பமானியை வைத்து, அங்கே 32 வரும்வரை தெர்மோஸ்டாட்டைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். தெர்மோஸ்டாட் முகப்பில் 34 என்றோ 35 என்றோ இருக்கலாம். அது பரவாயில்லை, உள்ளே இருக்கும் எண்தான் கணக்கு. மேட் தொட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். தொட்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் கால் வைத்துக் காற்றுக்கு இடம் விடுங்கள். கூண்டுக்குள் எதையும் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பசை செதிலில் பிடித்தால் தோலோடு வரும்.

எங்கள் முதல் தொட்டி சிறியது, மேட் சமாளித்தது. இப்போது முறுக்கு இருப்பது 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரக் கூண்டு. மேட் வயிற்றைச் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. 21 டிகிரி அறையில் இவ்வளவு பெரிய கூண்டுக்கு மேலிருந்து சூடு வேண்டும். நான் பகலில் 75 வாட் ஹாலோஜனும், இரவில் செராமிக்கும் வைத்திருக்கிறேன். இரண்டையும் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம் வேண்டும். செராமிக்கின் முகம் கையைப் பொசுக்கும் அளவுக்குச் சுடும், பாம்பு அதையே சுற்றிக்கொள்ளப் பார்க்கும். அதை மாட்டும் ஹோல்டரும் பீங்கானாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். இரவுக்கென்று விற்கும் சிவப்பு பல்பு வேண்டாம், பாம்புக்கு இரவு இருட்டாக இருக்கட்டும். உள்ளே மின்கம்பி ஓடும் சூட்டுக்கல் என்று ஒன்று விற்கிறார்கள். அதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

மேலிருந்து வரும் சூடு ஈரத்தைக் குடித்துவிடும், குளிர்காலத்து வீட்டுக் காற்றும் வறண்டது. பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 60 சதவிகிதம் சுற்றி இருக்க வேண்டும். நான் மரச்சீவலை விட்டுவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டுகளுக்கு மாறினேன். மூலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் அடியில் ஈரம் நிற்கும், மேலே காய்ந்திருக்கும். ஊரில் நாம் அடுப்பில் போட்ட மட்டை இங்கே பாம்புக்குப் படுக்கை ஆகிறது. கலைத்துவிடும்போது எழும் வாசனையில் எனக்குத் திருநெல்வேலி வீட்டுப் பின்கட்டு வந்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் உடனே பாம்பை உள்ளே விட்டுவிடாதீர்கள். காலிக் கூண்டை ஒரு வாரம் ஓடவிட்டு, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எண்களைக் குறித்து வையுங்கள். பருவம் மாறும்போது மறுபடி பாருங்கள். நான் அக்டோபரில் ஒரு முறை, வெயில் ஜன்னல்வழி விழத் தொடங்கும் மே மாதத்தில் ஒரு முறை கருவி எல்லாவற்றையும் சரிபார்க்கிறேன். கூண்டை ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் நேர் வெயில் விழுந்தால் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும்.

அதற்கப்புறம் பாம்பைப் பாருங்கள். நாள் முழுக்கச் சூட்டு முனையை விட்டு நகராவிட்டால் கூண்டு குளிர்ந்திருக்கலாம். எப்போதும் குளிர்ந்த முனையில், அல்லது தண்ணீர்ச் சட்டியிலேயே கிடந்தால் சூடு மிகுந்திருக்கலாம். சட்டியில் கிடப்பதற்கு உண்ணியும் காரணமாகலாம், அதையும் பாருங்கள். விழுங்கிய எலியை இரண்டு மூன்று நாளில் கக்கினால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். மூச்சில் சீழ்க்கைச் சத்தம், வாயோரம் எச்சில் குமிழி, தலையைத் தூக்கி வாய் திறந்து மூச்சு விடுவது இவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். கூண்டின் சூட்டைச் சரிசெய்துவிட்டு, அன்றே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காட்டு, வயல் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை புற்றிலேயே இருக்கட்டும். டொரன்டோவிலும் விஷப்பாம்பும், 3 மீட்டருக்கு மேல் வளரும் இனமும் வீட்டில் வைக்கக் கூடாது.

கடைசியாக, மின்சாரம் போனால். 2013 டிசம்பர் 22 விடியற்காலை டொரன்டோவில் பனிமழை பெய்து, மரக்கிளைகள் ஐஸ் பாரத்தில் ஒடிந்து மின்கம்பிகள்மேல் விழுந்தன. நகரத்தில் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. எங்கள் வீடு மறுநாள் 15 டிகிரிக்கு வந்துவிட்டது. முதல் சில மணி நேரம் கூண்டைத் திறக்காமல், காற்றுத் துளையைக் கொஞ்சம் விட்டு, மூன்று போர்வை சுற்றி வைத்தேன். வெப்பமானி 22ஐத் தொட்டதும் முறுக்கைத் தலையணை உறையில் விட்டு, உறையின் வாயைக் கட்டி, துளை போட்ட தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தேன். மின்சாரம் இருந்த தோழி வீட்டிலிருந்து பிளாஸ்கில் வெந்நீர் வந்தது. அதைக் கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி இரண்டு பாட்டிலில் ஊற்றி, துண்டு சுற்றி, பெட்டியின் ஒரே பக்கத்தில் வைத்தேன். மறுபக்கம் அவள் விலகிப் படுக்க இடம். பெட்டிக்குள்ளும் வெப்பமானிக் கம்பி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றினோம், இரவில் நானும் மகளும் முறை போட்டு எழுந்தோம். குளிருக்குக் கையில் வைக்கும் சூட்டுப் பொட்டலங்களைப் பாம்போடு சேர்த்து வைக்காதீர்கள், அவை எதிர்பாராத அளவுக்குச் சுடும். கரி அடுப்பை வீட்டுக்குள் ஏற்றவே கூடாது. அந்த வாரம் கார்பன் மோனாக்சைடு நச்சால் மருத்துவமனைக்குப் போனவர்கள் பலர்.

24ஆம் தேதி மாலை விளக்கு எரிந்தது. கூண்டு பழைய சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, அதன்பிறகுதான் அவளை உள்ளே விட்டேன். குளிர்ந்த வயிற்றில் இரை அழுகும் என்பதால் உடனே எலி கொடுக்கவில்லை. ஒரு வாரம் வெப்பமானியின் எண்கள் ஆடாமல் நின்ற பிறகு உறையவைத்திருந்த ஒரு சின்ன எலியை உறைபனி நீக்கிச் சூடாக்கி நீட்டினேன். சூட்டு முனை ஒளிவிடத்திலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, ஒரே பாய்ச்சலில் பிடித்துக்கொண்டாள்.