அம்மம்மாவின் பிட்டுக் கணக்கை எழுதிவைக்க

லண்டன், கனடா போய்க் குடும்பத்துக்கும் ஊர்க் கோயில் அன்னதானத்துக்கும் உழைத்த அம்மம்மா லீவில் மட்டக்களப்பு வந்து நிற்கும்போதே பக்குவங்களை எழுதிவையுங்கள். கேட்டால் "கண்ணளவுதான் மகள்" என்பார். அதனால் அவர் குழைக்கும் முன்னும் பின்னும் மா அள்ளும் பாத்திரத்தையும் தண்ணீர்ச் செம்பையும் தராசில் வையுங்கள். எவ்வளவு எடை குறைந்திருக்கிறதோ அதுதான் அளவு.

பிட்டில் கவனம் முழுக்கத் தண்ணீரில்தான். வறுத்த சிவப்பரிசி மாவுக்கு உப்புச் சுடுதண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைப்பார். பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தைக் கிட்ட வைத்து வீடியோ எடுங்கள். தண்ணீர் கூடினால் கட்டிபட்டு, உள்ளே பச்சை மாவாகவே நிற்கும்.

வறுத்த மாவா, வறுக்காததா என்றும் எழுதுங்கள். இரண்டும் ஒரே அளவு தண்ணீர் இழுக்காது. லண்டன், கனடாவில் வாங்கும் உறைந்த தேங்காய்ப்பூவை உருகவிட்டுப் பிழிந்துதான் போட வேண்டும். அதன் ஈரமே மாவைக் களியாக்கிவிடும்.