வெள்ளைச் சீருடை வீட்டுக்கு வரும் முன்: நேவல் என்.சி.சி. பற்றிப் பெற்றோருக்கு

"சாரே, எனக்க மவனாவது கரையில இருக்கட்டும்னுதான் பள்ளிக்கூடத்துக்கு விட்டேன். நீங்க அவனையும் கடலுக்குக் கூப்பிடுதீங்க."

சேர்க்கைப் பாரத்தைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மா இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற அருமனைக்காரர், ரப்பர் வெட்டுகிறவர், இது கடற்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா, என் மகளுக்குக் குளத்தில் இறங்கவே பயமாயிற்றே என்றார். ஆக, இரண்டு பேருமே நேவல் என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு, என்றால் பிள்ளையைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. நாங்கள் நடத்தும் பெற்றோர் கூட்டம் அப்படி. 1741-இல் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களைக் குளச்சலில் தோற்கடித்த கதையில் தொடங்கி தேசப்பற்றில் முடித்து டீ கொடுத்து அனுப்பிவிடுவோம், பாரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டோம். சில வருடங்கள் பள்ளியில் கேடட்களை, அதாவது என்.சி.சி. பிள்ளைகளை, பார்த்துக்கொண்டவன் என்கிற முறையில் அந்த மாதிரி விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். என்.சி.சி. 1948-இல் ஒரு சட்டத்தின் மூலம் வந்தது, அதில் சேர்வதால் ராணுவத்துக்கோ கடற்படைக்கோ போக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று பிரிவு உண்டு, அதில் கடற்படைப் பிரிவுதான் நேவல் விங். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூனியர் டிவிஷன் (பெண்கள் என்றால் ஜூனியர் விங்), இரண்டு வருடப் பயிற்சி, கடைசியில் 'ஏ' சர்டிபிகேட் தேர்வு. அவ்வளவுதான். பயிற்சியின் பெரும்பகுதி பள்ளி மைதானத்தில்தான் நடக்கிறது. பிடிக்கவில்லை என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு விலகலாம், வாங்கிய பொருட்களைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

எல்லாப் பள்ளியிலும் இது கிடையாது, இருக்கிற பள்ளியிலும் இடம் குறைவு. 2020 ஆகஸ்ட் 15 அன்று எல்லையோர, கடலோர மாவட்டங்கள் 173-இல் என்.சி.சி.யை விரிவாக்கப் போவதாகப் பிரதமர் அறிவித்தார், அதில் சேரும் ஒரு லட்சம் பேரில் மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகள் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நம் கன்னியாகுமரி மாவட்டப் பெற்றோர் கூடுதலாக விசாரிக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் உங்கள் பள்ளியில் இருப்பது ஆர்மியா நேவலா என்று முதலில் கேளுங்கள். ஆர்மி விங்கில் பெயர் கொடுத்துவிட்டு வெள்ளை உடுப்பு எப்போது வரும் என்று காத்திருந்த பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன்.

எந்த வகுப்பில் சேர்ப்பது? எட்டாம் வகுப்பில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஒன்பதில் சேர்த்தால் இரண்டாவது வருடம் சரியாகப் பத்தாம் வகுப்பில் வந்து விழும். அப்போது ட்யூஷன், ரிவிஷன், மாதிரித் தேர்வு என்று ஒவ்வொன்றாகப் பரேடைத் தின்னும், வருகை குறையும், 'ஏ' தேர்வு எழுத முடியாமல் போகும். ஒவ்வொரு வருடமும் முக்கால் பங்கு, அதாவது 75 சதவீதப் பரேடுக்கு வந்திருக்க வேண்டும், ஒரு கேம்பாவது முடித்திருக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட சர்டிபிகேட்டைக் கோட்டை விடுவது இந்த வருகையில்தான். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, அத்தை வீட்டுக் கல்யாணம், எல்லாவற்றுக்கும் போகலாம், யார் வேண்டாம் என்றார்கள்? கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். ஒரு சின்ன நோட்டில் பிள்ளையே தேதி குறித்து வைத்தால் கடைசியில் அழுகை இருக்காது.

பாரம் நிரப்புவது பெரிய வேலை இல்லை, பெயர்தான் பெரிய வேலை. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு, பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், ஞானஸ்நானப் பெயர் வேறு எங்கோ நடுவில் என்று நம் மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு பெயர் சாதாரணம். சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டியிருக்கும், சீருடைக்கான உதவித்தொகையை இப்போது கணக்கிலேயே போடும் முறை வந்திருக்கிறது. அப்புறம் டாக்டரிடம் உடல் தகுதிச் சான்று.

கையெழுத்து விஷயம் ஒன்று. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும். வளைகுடாவில் வேலை என்றால் வருடமே ஆகும். அப்பா வந்து போடட்டும் என்று பாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள், அம்மா போட்டால் போதும், அம்மாவும் இல்லாத இடத்தில் பாதுகாவலர் போடலாம். என் முதல் வருடத்தில் இதைச் சொல்ல மறந்துவிட்டேன், இரண்டு பிள்ளைகளுக்கு இடம் போயிற்று. இன்றும் அந்த இரண்டு முகமும் நினைவில் இருக்கிறது.

டாக்டர் சான்று வாங்கும்போது வீசிங், வலிப்பு, இதயம் சம்பந்தமாக ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். பிள்ளையை எடுக்க மாட்டார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள், வெயிலில் ஓடும்போது அது வெளியே வருகிறது. நீச்சலும் அப்படித்தான். தெரியாது என்றால் தெரியாது என்று முதல் நாளே சாரிடம் சொல்லிவிட வேண்டும். கடற்கரைப் பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது, யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. படகுப் பயிற்சிக்குப் போகும் நாளில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் ஆசிரியர் இருந்தால் இன்னொரு முறையும் கேளுங்கள்.

சரி, அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? முதல் மாதம் முழுக்க டிரில். கட்டளை இந்தியில் வரும்: சாவ்தான், விஷ்ராம், தஹினே முட், பீச்சே முட். இந்தி தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம், ஒரு வாரத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் தம்பியை நிறுத்திவைத்துக் கத்த ஆரம்பித்துவிடுவார்கள். டிரில்லோடு கடல் சார்ந்த பாடமும் உண்டு: கயிறு முடிச்சு, இரண்டு கொடியைக் கையில் பிடித்து எழுத்துக் காட்டும் செமஃபோர், படகில் துடுப்பு வலித்தல், பாய் கட்டி ஓட்டுதல், கப்பல் மாடல் செய்தல். கப்பலின் இடது பக்கம் போர்ட், அதற்குச் சிவப்பு விளக்கு, வலது பக்கம் ஸ்டார்போர்டு, அதற்குப் பச்சை. ராத்திரி எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இந்த இரண்டு நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். விசைப்படகில் போகிற அப்பாவுக்கு இது தெரிந்ததுதான், பிள்ளைக்கு அதைப் புத்தகப் பெயரோடு சொல்லத் தெரியும், அது மட்டும்தான் வித்தியாசம்.

முடிச்சில் பௌலைன் என்று ஒன்று உண்டு. எவ்வளவு இழுத்தாலும் அதன் வளையம் இறுகாது, வேண்டும்போது சுலபமாக அவிழ்க்கலாம், தண்ணீரில் விழுந்தவரைத் தூக்க அதைத்தான் போடுவார்கள். வகுப்பில் நான் அதைப் போட்டுக் காட்டி முடிப்பதற்குள் கடைசி வரிசையில் ஒரு பையன் ஒற்றைக் கையால் போட்டுவிட்டான், தாத்தா சொல்லித் தந்தாராம். முதலில் சொன்னேனே, அந்த அம்மாவின் மகன்தான். அன்றிலிருந்து முடிச்சு வகுப்பில் அவன்தான் வாத்தியார், அருமனைப் பெண் உட்பட எல்லோருக்கும்.

இனி உடுப்பு. வெள்ளை. தலையில் தொப்பி, காலில் கறுப்பு ஷூ. நம் மாவட்டத்தில் வெள்ளைத் துணிக்கு இரண்டு எதிரிகள், ரப்பர் பாலும் வாழைக்கறையும், இரண்டுமே பட்டால் போகாது. பரேடு உடுப்போடு தோட்டத்துக்குப் போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். தனியாகத் துவைத்து, கொஞ்சமாகச் சொட்டு நீலம் விட்டு, நிழலில் காயப்போடுங்கள். துவைப்பது அம்மாவாக இருக்க வேண்டாம், கேடட்டே துவைக்கட்டும். ஷூ புதிதாக இருக்கும்போது குதிகாலைக் கடிக்கும், மொத்தமான சாக்ஸ் போட்டு இரண்டு நாள் வீட்டில் நடக்கவிடுங்கள். பையன் தலைமுடியை ஒட்ட வெட்டச் சொல்வார்கள், பெண் பிள்ளைகள் வெட்ட வேண்டியதில்லை, கொண்டை போட்டால் போதும். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் பையன் என்றால் முன்கூட்டியே சாரிடம் ஒரு வார்த்தை.

பரேடு நாளில் வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள். மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கி நிழலில் படுக்கவைத்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். பழங்கஞ்சியோ மரச்சீனியோ எதுவானாலும் சரி. பரேடு முடிந்ததும் சிற்றுண்டி தருவார்கள், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டுமே. தாமதமாக வந்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவைப்பது நடக்கும், அதற்குச் சண்டைக்கு வராதீர்கள். அடித்தால் வாருங்கள், தலைமையாசிரியரிடம் எழுதியே கொடுங்கள்.

வேலை கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'ஏ' சர்டிபிகேட்டை வைத்து நேராக வேலை எதுவும் கிடைக்காது, அப்படிச் சொல்கிறவர் பொய் சொல்கிறார். கல்லூரியில் மறுபடி சேர்ந்து 'பி', பிறகு 'சி' என்று போனால்தான் பலன் பெரிதாகும், 'சி' இருந்தால் அதிகாரி பணிக்கான சில சேர்க்கைகளில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்குப் போகலாம். பள்ளி முடித்துக் கடற்படைக்குப் போக வேறு வழிகளும் உண்டு. என்.டி.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு (2022 முதல் அங்கே பெண்களும் படிக்கிறார்கள்), ஜே.இ.இ. மெயின் தரவரிசையை வைத்து எழிமலைக் கடற்படை அகாடமிக்குப் பி.டெக். படிக்கப் போவது, நான்கு வருடப் பணியான அக்னிவீர். எழிமலை தூரம் இல்லை, கண்ணூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள்: நேவல் என்.சி.சி. வேறு, சரக்குக் கப்பல் வேலையான மெர்ச்சன்ட் நேவி வேறு. முன்னதற்குக் கட்டணம் கிடையாது. நேவி என்ற ஒரே சொல்லைக் காட்டி, கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டை வீட்டுக்குள் விடாதீர்கள், அவர் என்.சி.சி. பெயரைச் சொன்னால் பள்ளியில் வந்து கேளுங்கள்.

கடைசியாகக் கேம்ப். பத்து நாள், வேறு ஊரில், பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில். சாப்பாடும் இருப்பிடமும் அவர்கள் பொறுப்பு. விடியும் முன் எழுப்புவார்கள், உடற்பயிற்சி, டிரில், வகுப்பு, .22 துப்பாக்கி சுடுதல். துப்பாக்கி என்றதும் பதற வேண்டாம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, படுத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் சுடுவார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பும்போது உடன் வரும் பெண் ஆசிரியர் யார், இரவில் எந்தக் கட்டடத்தில் தங்குகிறார்கள், இரண்டையும் பெயரோடு கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்றுதான் சொல்வார்கள், சாரின் நம்பரை வாங்கி வையுங்கள், முதல் இரண்டு நாள் அழுகைதான் வரும், மூன்றாம் நாள் நீங்கள் கூப்பிட்டால் பேசவே நேரம் இருக்காது.

பையில் வைக்க வேண்டியது: தட்டு, டம்ளர், வாளி அல்லது மக், பூட்டு ஒன்று சாவி இரண்டுடன், கொசுவலை, பழைய சாக்ஸ் நான்கு ஜோடி, நாப்கின், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை சீட்டோடு. ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு கிலோ கொடுத்துவிடுங்கள், அந்த அறையில் அது ஒரு ராத்திரிக்கு மேல் நிற்காது. திரும்பி வரும் நாளில் மட்டும் பையை வீட்டுக்குள் கொண்டுவர விடாதீர்கள். வாசலிலேயே திறந்து, துணியை நேரே கிணற்றடிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.