கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பாத்டப்பில் குளிக்கும் முறை

டொரொண்டோப் பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் குளியலறைத் தரையை ஒருமுறை குனிந்து பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் ஓடிப்போக அங்கே வழியே இருக்காது. ஊரில் செய்வதுபோல் தரையில் நின்று அள்ளி ஊற்றினால், தண்ணீர் ஓரங்களால் கசிந்து கீழ்வீட்டு முகட்டில் மஞ்சள் கறையாகத் தெரியும். திருத்தும் செலவு உங்கள் தலையில் விழலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கென்றே காப்புறுதி இருக்கிறது, வந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

வாளியும் கோப்பையும் இல்லாமல் குளித்த மாதிரியே இல்லை என்பவர்கள் வாளியை பாத்டப் தொட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். தொட்டியோரம் தொங்கும் திரைச்சீலையைக் கவனியுங்கள். உள்பக்கத்துப் பிளாஸ்டிக் திரையின் கீழ்நுனி தொட்டிக்குள் தொங்க வேண்டும். வெளியே கிடந்தால் தண்ணீர் முழுக்க அதில் வழிந்து தரைக்குத்தான் போகும்.

சுடுநீர்த் தாங்கியை வழக்கமாக 60 பாகை செல்சியஸில் வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும். குழாயின் மேலுள்ள குமிழை இழுத்து ஷவருக்கு மாற்றுவதற்கு முன், கீழே விழும் தண்ணீரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளையைத் தொட்டியில் தனியே விட்டுவிட்டு அசையவே கூடாது. சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும், பிள்ளை சத்தமில்லாமல் மூழ்கிவிடும். கதவுமணி அடித்தால் அடிக்கட்டும். போகத்தான் வேண்டுமென்றால் துவாயில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள்.

சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விடவேண்டியதில்லை. ஆனால் நல்லெண்ணெய் பட்ட தொட்டி பயங்கரமாக வழுக்கும். அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். முழுகி முடித்தவர், அடுத்தவர் இறங்கும் முன்பே பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். சீயக்காய்த் திப்பியும் தலைமுடியும் சேர்ந்தால் கழிவுக் குழாய் அடைத்துக்கொள்ளும், அதனால் தொட்டியில் தண்ணீர் இறங்கும் துளைக்கு ஒரு சல்லடை மூடி வையுங்கள்.

அம்மம்மா, தாத்தா இருக்கும் வீட்டில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது தொட்டியின் விளிம்புதான். ஈரக்காலோடு அதைத் தாண்டும்போதுதான் தடுமாறுவார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் திருகாணி இறுக்கிய கைப்பிடி பூட்டுங்கள். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியை நம்ப வேண்டாம், பாரம் விழுந்தால் கழன்றுவிடும். தொட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் கதிரை மருந்துக்கடைகளில் கிடைக்கும்.

அப்புறம், குளித்த பிறகும் அரைமணி நேரம் குளியலறையின் ஈரக்காற்றை வெளியேற்றும் காற்றாடி ஓடட்டும். குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க முடியாததால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். தொட்டியும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் கசியாமல் அடைத்திருக்கும் வெள்ளைச் சிலிக்கன் பசை வெடித்திருந்தால் உடனே படம் எடுத்து, திகதியோடு எழுத்தில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.